மற்றவை: ஒன்று

பேனா எழுதவில்லை என்று ஜெராக்ஸ்காரர் பொய் சொன்னார்.

கடை மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கோயில் குருக்கள், பள்ளிவாசல் இமாம், சர்ச் ஃபாதர். மேசைமேல், சற்றுமுன் அவருடைய இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வந்த கையெழுத்துத் தாள் கிடந்தது. அதில் நான்கு கட்டங்கள்: பெயர், கதவு எண், சமயம், கையெழுத்து. குழுவின் செயலாளர் அவர்தான் என்பதால் முதல் வரி அவருடையதாக இருக்க வேண்டும் என்று மூவரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். பெயரை எழுதினார். கதவு எண்ணை எழுதினார். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

ஃபாதர் தன் பேனாவைக் கொடுத்தார். அதுவும் எழுதவில்லை என்றார் ஜெராக்ஸ்காரர். இமாம் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்ததைக் காற்றில் இரண்டு தடவை உதறிவிட்டு, மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்றார்.

"என்ன தம்பி, உங்க கை பட்டா எல்லாப் பேனாவும் செத்துடுதா?" என்றார் குருக்கள்.

நல்லவேளையாக ஒரு பெண் மார்க்‌ஷீட் நகல் எடுக்க வந்தாள். மூவரும், நிதானமாக எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். மார்க்‌ஷீட்டைக் கண்ணாடிமேல் தலைகீழாக வைத்து ஆறு நகல் எடுத்து வீணாக்கிய பிறகுதான் ஜெராக்ஸ்காரருக்கு மூச்சு சீராக வந்தது.

அவர் பிறவியிலேயே பயந்த சுபாவம். இயந்திரத்தில் தாள் சிக்கினால்கூட யாராவது திட்டப்போகிறார்களோ என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். அப்படிப்பட்டவர் ஒரு குழுவுக்குச் செயலாளர் ஆனதற்குக் காரணம் அந்த டிஸ்பென்சரி.

தெருமுனையிலிருந்த அரசாங்க டிஸ்பென்சரியைப் பூட்டி இரண்டு வருஷமாகிறது. டாக்டர் மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். போன வருஷம் அவர் மகளுக்கு மூச்சிரைப்பு வந்தபோது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ஓடினார். பஸ் அப்போதுதான் நகர்ந்து போனது. அடுத்த பஸ் வரும்வரை நின்ற இருபது நிமிஷத்தில், அவள் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய விசில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அந்தச் சத்தம் மட்டும் அவர் காதை விட்டுப் போகவில்லை.

இப்போது அந்தக் கட்டிடத்தில் பழைய கோப்புகளைப் போட்டு வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும், அதுவரை எதிரெதிரே நடந்து போனாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த மூன்று பெரியவர்களும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். கூடிப் பேச ஜெராக்ஸ் கடைதான் தோதாக இருந்தது. மூன்று இடத்துக்கும் நட்டநடுவில் இருந்தது, மின்விசிறியும் இருந்தது.

அவரைச் செயலாளர் ஆக்கியதில் ஒரு கோளாறு. கடைச் சுவரில் மூன்று காலண்டர்கள் தொங்கின. மூன்றும் இனாமாக வந்தவை. குருக்கள் சர்ச் காலண்டரைப் பார்த்துவிட்டு இவர் அவர்கள் ஆள் என்று நினைத்தார். ஃபாதர் பள்ளிவாசல் காலண்டரைப் பார்த்துவிட்டு இவர் அவர்கள் ஆள் என்று நினைத்தார். இமாமின் கண்ணில் பட்டது கோயில் காலண்டர். ஆகவே செயலாளர் பதவியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்த திருப்தி மூவருக்கும் இருந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒற்றுமைக் குழுவில் ஒருவரைப் பார்த்து நீங்கள் எந்தச் சமயம் என்று கேட்பது எவ்வளவு அநாகரிகம்.

உண்மை என்னவென்றால், அவர் எதிலும் இல்லை. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். கல்யாணம் ஆன அன்றே அந்தப் பேச்சை வீட்டுக்குள் எடுப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளை அதே மௌனத்தில் வளர்ந்து நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது. அவருக்கு யார்மீதும் விரோதம் கிடையாது. மூன்று இடத்திலிருந்தும் வரும் சத்தம் அவருக்குப் பிடிக்கும். கடிகாரம் பார்க்காமலே கடை திறந்துவிடலாம்.

ஆனால் அதைத் தாளில் எழுதுவது வேறு விஷயம். ஒரு கூட்டம் மட்டும் கேட்டால் கோப்பு நகராது, எல்லாச் சமூகமும் கேட்கிறது என்று காகிதத்தில் தெரிய வேண்டும் என்று சுகாதார அதிகாரி சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அந்தக் கட்டம். மூன்றில் எதை எழுதினாலும் அந்த இடத்துப் பெரியவருக்கு அது பொய் என்று தெரிந்துவிடும். கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, எறும்பு அளவு எழுத்தில் 'மற்றவை' என்று எழுதினார்.

அரைமணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். தாளிலேயே அந்த ஒரு வார்த்தைதான் பெரிதாகத் தெரிந்தது. எழுத்துப்பிழை திருத்த வைத்திருந்த வெள்ளை மையை எடுத்து அதன்மேல் தடவி, ஊதி ஊதிக் காய வைத்தார். கட்டம் காலியாகிவிட்டது. காலியாக விட்டதற்காக யாரையும் தூக்கில் போட்டதில்லை.

பத்து நாளில் அறுபது தாள்கள் நிரம்பின. எண்ணிக் கூட்டிக் கொடுக்கும் பொறுப்பைக் கணக்கு டீச்சர் ஏற்றுக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாக சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை. அந்த வட்டாரத்தில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். ஜெராக்ஸ்காரர் இரண்டிலும் சேர்த்தி. ஏழாம் வகுப்பில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதி டீச்சரிடம் கையும் களவுமாகப் பிடிபட்டவர், பிற்காலத்தில் நகல் எடுப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டார்.

டீச்சர் எந்தத் தாளையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். அழித்து எழுதியதெல்லாம் அதில் தெரிந்துவிடும். முதல் தாளையும் சேர்த்து அவர் பையில் போட்டுக்கொண்டு போன பிறகுதான் ஜெராக்ஸ்காரருக்கு அது ஞாபகம் வந்தது. அப்போது டீச்சர் தெருத் திருப்பத்தைத் தாண்டிவிட்டிருந்தார்.

மறுநாள் தாள்களோடு மொத்தக் கணக்கும் நேராக அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கின் பிரதி கடைக்கு வந்தது. கோயில் பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு, பள்ளிவாசல் பக்கம் நானூற்று ஒன்று, சர்ச் பக்கம் முந்நூற்று எண்பத்தேழு. அதற்குக் கீழே, டீச்சரின் அச்சடித்தது போன்ற கையெழுத்தில்:

மற்றவை: 1.

ஜெராக்ஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் வெள்ளை மைக்கு அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டார். டீச்சரின் கூட்டலில் பிழை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இரண்டே நாளில் அதிகாரி குழுவைக் கூப்பிட்டனுப்பினார். மூன்று சமூகத்துப் பிரதிநிதிகளும் வந்திருப்பதில் மகிழ்ச்சி, ஆனால் பட்டியலில் நான்காவதாக ஒன்று இருக்கிறதே, அவர்களுடைய பிரதிநிதி எங்கே என்று கேட்டார். அது ஒரே ஒரு ஆள்தான் என்று இமாம் எடுத்துச் சொன்னார். ஒன்றானாலும் சமூகம் சமூகம்தான், பின்னால் யாராவது விடுபட்டோம் என்று புகார் கொடுத்தால் தன் தலைதான் உருளும் என்றார் அதிகாரி. பெயரைத் தாளில் பார்த்துச் சொல்லக் கூடாதா என்று ஃபாதர் கேட்டதற்கு, அறுபது தாளைப் புரட்டுவது தன் வேலை இல்லை என்று பதில் வந்தது. வருகிற வியாழக்கிழமைக்குள் ஆளைக் கூட்டிவர வேண்டும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை கோப்புகள் வந்து இறங்கிவிடும்.

எல்லாரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் எண்ணிக்கைதான் எடுத்தேன். பேரெல்லாம் மனசுல வச்சுக்கல" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஜெராக்ஸ்காரரையே பார்த்தார். அவருக்குக் காது மடல் வரை சுட்டது. டீச்சர் காட்டிக்கொடுக்க மாட்டார், இவர் தானாகவே எழுந்து நின்று ஒப்புக்கொள்ளும்வரை விடவும் மாட்டார். ஏழாம் வகுப்பிலும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. கோபப்படுவார்கள் என்று பயந்திருந்தார். அவர்களோ உருகிப்போனார்கள். நம் தெருவிலேயே ஒருவர் தன்னந்தனியாக இருந்திருக்கிறார், நாம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே என்று இமாம் சொன்னார். ஃபாதர் அடுத்த பிரசங்கத்தையே அந்த ஒருவருக்காக ஒதுக்கினார். குருக்கள் ஒலிபெருக்கியில் காலையும் மாலையும் அழைப்பு விடுத்தார். குழுவில் ஐந்தாவதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு, யாரும் உட்காரக் கூடாது என்று அதன்மேல் ஒரு துண்டை விரித்துவைத்தார்கள்.

நோட்டீஸ் அடிக்கும் வேலை ஜெராக்ஸ்காரருக்கே வந்தது. மொத்தம் ஐந்நூறு. "மற்றவை அன்பருக்கு: நீங்கள் யாராக இருந்தாலும் எங்களில் ஒருவர். பயப்பட வேண்டாம். உடனே வெளியே வரவும்." தன்னைத் தேடும் நோட்டீஸைத் தானே அடித்து, தானே அடுக்கி, தானே பசை தடவி ஒவ்வொரு விளக்குக் கம்பமாக ஒட்டினார். 'பயப்பட வேண்டாம்' என்பதைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருந்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் அவருக்குக் கூடுதலாகப் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகக் கிளம்பினார். எந்த வீட்டையும் விடக் கூடாது என்றாராம். ஜெராக்ஸ்காரர் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் சமையலறையில் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மனைவிதான் கதவைத் திறந்தாள்.

"இந்த வீட்ல மற்றவை யாராவது இருக்காங்களாம்மா?"

"இவர் ஒருத்தர்தான் இருக்கார் டீச்சர்."

டீச்சர் தலையாட்டிக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். எந்த அர்த்தத்தில் எழுதிக்கொண்டார் என்று தெரியாமல் ஜெராக்ஸ்காரர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

"ஏங்க, போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா முடிஞ்சுதுல்ல?" என்றாள் மனைவி.

"முடிஞ்சுடும். ஆனா முடியப்போறது யாரு? நான்தான்."

இவர் தங்களை ஏமாற்றிவிட்டதாக மூவரும் நினைப்பார்கள் என்று அவளுக்கு விளக்கினார். இத்தனை நாள் கூடவே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, அவர்களையே தெருத் தெருவாகத் தேட விட்டிருக்கிறார். முதல் நாள் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இனிமேல் சொன்னால் எந்த முகத்தோடு கடை திறப்பது? மனைவி, தூங்கிக்கொண்டிருந்த மகளின் மூச்சைக் குனிந்து கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஜெராக்ஸ்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். தேடுவது நின்றால் போதும். இடது கையால் ஒரு கடிதம் எழுதினார். "என்னைத் தேட வேண்டாம். நான் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டேன். எல்லாரும் நன்றாக இருங்கள். இப்படிக்கு, மற்றவை." அதைத் தன் கடை ஷட்டருக்கு அடியில் தானே தள்ளிவிட்டு, ஷட்டரைத் தூக்கி, கண்டெடுத்தவர் போலக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆள் ஊரிலேயே இல்லையென்றால் பிரதிநிதி எதற்கு? கோப்பு நகர்ந்துவிடும்.

கடிதத்தைப் படித்ததும் இமாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை நாள் இருந்தவர் ஏன் திடீர்னு போகணும்?" என்று குருக்கள் மெதுவாகக் கேட்டார். "யாரோ ஏதோ சொல்லியிருக்கணும்."

தங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் யாரும் கிடையாது என்றார் ஃபாதர்.

"அப்ப எங்க பக்கத்துல இருக்காங்கன்னு சொல்றீங்களா?" என்றார் இமாம்.

ஃபாதர் தான் அப்படிச் சொல்லவில்லை என்றார். அப்படிச் சொல்லாவிட்டாலும் அர்த்தம் அதுதான் என்றார் குருக்கள். காலையும் மாலையும் ஒலிபெருக்கியில் அலறினால் யார்தான் ஊரில் இருப்பார்கள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். தேநீர் ஆறி ஆடை கட்டியது. கடைக்கு ஒரே வாசல் என்பதால், ஒருவர் போய்த் தெருத் திருப்பம் தாண்டும்வரை காத்திருந்து அடுத்தவர் கிளம்பினார்.

டீச்சர் மட்டும் கடைசிவரை இருந்தார். கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இடது கையால எழுதியிருக்கு" என்றார். ஜெராக்ஸ்காரர் தன் இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். டீச்சர் கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை குருக்கள் தனியாக வந்து, கோயில் பக்கத்து மக்கள் மட்டும் கையெழுத்திட்ட புது மனுவைப் பத்து நகல் எடுக்கச் சொன்னார். அவர் போன கையோடு ஃபாதர் ஒரு மனுவோடு வந்தார். சாயங்காலம் இமாம் வந்தார். மூன்று மனுக்களும் ஒரே டிஸ்பென்சரியைத்தான் கேட்டன. மூன்றையும் அதிகாரி ஒரே கையால் குப்பைக்கூடையில் போடுவார். ஜெராக்ஸ்காரர் நகல் எடுத்தபோது இயந்திரத்தின் வெளிச்சம் மேலும் கீழும் போய்வந்தது. அவர் இதுவரை தனக்கு என்ன ஆகும் என்றுதான் பயந்துகொண்டிருந்தார். தன் பயத்தால் என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை முழுவதும் கடையைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை அதிகாரியின் அறையில் எல்லாரும் கூடினார்கள். குருக்கள் ஜன்னலோரம், இமாம் அலமாரி ஓரம், ஃபாதர் கதவோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டீச்சர் நடு நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். ஜெராக்ஸ்காரர் பின்னால் சுவரோடு சுவராக நின்றார்.

அதிகாரி கோப்பைத் திறந்தார். "நாலாவது ஆளு வந்தாச்சா?"

அவர் ஊரைவிட்டுப் போய்விட்டதாக ஒரு கடிதம் வந்தது என்று ஃபாதர் தரையைப் பார்த்தபடி சொன்னார். பெயர் போடாத கடிதம் செல்லாது, போய்விட்டார் என்பதற்கு வேறு அத்தாட்சி ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை. அப்படியானால் கோப்பை மூடிவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தார்.

ஜெராக்ஸ்காரர் மூடப்போகிற கோப்பைப் பார்த்தார். அந்த விசில் சத்தம் காதில் கேட்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற இருபது நிமிஷமும் அப்படியே முன்னால் வந்து நின்றது. அதைவிடப் பெரிய பயம் இந்த அறையில் இல்லை என்று தோன்றியது.

"நான்தான் சார்."

அதிகாரிக்குக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் கொடுமை.

"நான்தான் அந்த மற்றவை. எங்கேயும் போகல. கடிதமும் நான் எழுதினதுதான். யாரும் என்னை ஒண்ணும் சொல்லல. நானாத்தான் பயந்துட்டேன்."

மூன்று நாற்காலிகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

"நீங்க சர்ச் ஆளுன்னுல்ல நினைச்சேன்" என்றார் குருக்கள்.

"நம்ம ஆளா? நான் பள்ளிவாசல்னுல்ல நினைச்சேன்" என்றார் ஃபாதர்.

இமாம் குருக்களைக் கை காட்டினார். பிறகு ஃபாதரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று ஜெராக்ஸ்காரர் பதறினார். அது சிரிப்பு. இமாமுக்கும் அது தொற்றிக்கொண்டது. குருக்கள் மட்டும், ஐந்நூறு நோட்டீஸையும் ஒட்டினவன் நீதானே, ஒட்டும்போது உனக்குச் சிரிப்பு வரவில்லையா என்று அதட்டிக் கேட்டுவிட்டு, பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லித் தன் நாற்காலியில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார்.

அதிகாரிக்குச் சிரிப்பில் அக்கறை இல்லை. பிரதிநிதி வந்தாயிற்று என்று குறித்துக்கொண்டார். ஜெராக்ஸ்காரர் ஒரு கையெழுத்துப் போட்டார். பேனா நன்றாக எழுதியது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வாரத்துக்கு நான்கு நாள் டாக்டர் வருவார் என்று உத்தரவு தயாரானது. பெரியவர்கள் மூவரும் அதைக் கையில் வாங்கி மாற்றி மாற்றிப் படித்தார்கள். பிறகு பேசிக்கொண்டே முன்னால் படியிறங்கிப் போனார்கள்.

டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ஜெராக்ஸ்காரர் கூடவே இறங்கினார். இவரிடமும் சொல்லிவிட்டால் மனசில் ஒரு பாரமும் இருக்காது.

"டீச்சர், வெள்ளை மைக்கு அடியில இருந்ததை நீங்க அன்னிக்கே பார்த்துட்டீங்க. தெரிஞ்சும் இத்தனை நாள் என்னைக் காட்டிக்கொடுக்காம இருந்தீங்க. அதை நான் மறக்க மாட்டேன்."

டீச்சர் நின்றார். ஃபாதர் கடைசிப் படியைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நான் எண்ணினப்போ உன் கட்டம் காலியாத்தான் இருந்துச்சுப்பா. அந்த ஒண்ணு நான்."